ஒரே தேதியில் நிகழ்ந்த வரலாற்று நிகழ்வுகளைத் தொகுப்பது எப்படி?

'வரலாற்றில் இன்று' என்ற வகையில் நிகழ்வுகளைத் தொகுப்பது பார்வைக்கு எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் இத்தகைய தொகுப்புகளில் நிகழ்வு சரியாக இருந்தும் தேதி பிசகிவிடுவது உண்டு. தொகுப்பின் அடிப்படையே தேதி என்பதால், அது பிசகினால் அந்த வரிக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே ஒவ்வொரு நிகழ்வையும் சேர்க்குமுன், அதன் தேதி எந்த நாட்காட்டியைச் சேர்ந்தது, எந்த ஊர் நேரப்படி கணக்கிடப்பட்டது, நிகழ்வின் எந்தக் கட்டத்தைக் குறிக்கிறது என்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிகம் தடுமாற வைப்பது நாட்காட்டிதான். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி செய்த சீர்திருத்தத்தை ஏற்ற ஸ்பெயினில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. பிரிட்டன் 1752 வரையிலும் ரஷ்யா 1918 வரையிலும் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றின. 'அக்டோபர் புரட்சி' நமது கணக்கில் 1917 நவம்பர் 7 ஆவது இதனால்தான். இங்கிலாந்தின் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் மறைந்தார்கள் என்ற செய்தியையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் தேதி ஜூலியன் கணக்கு. கிரகோரியன் கணக்கில் அது மே 3. செர்வாண்டிசோ ஏப்ரல் 22 அன்று மறைந்து மறுநாள் அடக்கம் செய்யப்பட்டார் என்றே இன்று பொதுவாகக் கொள்கிறார்கள். இருவரின் மறைவுக்கும் இடையே ஏறக்குறைய பதினொரு நாள் இடைவெளி இருந்திருக்கிறது. இக்காலகட்டத்து ஐரோப்பிய நிகழ்வு எதுவாயினும் இரு தேதிகளையும் குறித்துவைத்து, எதைப் பின்பற்றுகிறோம் என்று தொகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மையான முறை.

நேர வேறுபாட்டுக்கு, நிகழ்ந்த இடத்தின் தேதியையே கொள்ளலாம். பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7; ஜப்பானில் அப்போது டிசம்பர் 8 பிறந்துவிட்டது. ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்தது போன்றவற்றுக்கு இந்த விதி உதவாது. அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவாக இருந்த அந்த நொடி, உலகப் பொதுநேரப்படி ஜூலை 21 அதிகாலை 2:56 என்பதால், எந்த நேரம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு விடை வினைச்சொல்லில் இருக்கிறது. அமெரிக்க விடுதலைக்கான வாக்கெடுப்பு 1776 ஜூலை 2 அன்று நடந்தது. பிரகடனத்தின் வாசகம் ஜூலை 4 அன்று ஏற்கப்பட்டது. பெரும்பாலோர் கையொப்பமிட்டது ஆகஸ்ட் 2 அன்று. 'ஜூலை 4இல் கையெழுத்தானது' என்று எழுதினால் ஒரே சொல்லில் பிழை புகுந்துவிடுகிறது.

தேதிகள் உறுதியானபின் தேர்வு தொடங்குகிறது. பிரபலங்களின் பிறந்தநாள்களால் பட்டியலை நிரப்புவதைவிட, தற்செயலாகச் சேர்ந்த நிகழ்வுகளையும் காரணத்தோடு சேர்ந்தவற்றையும் பிரித்துக் காட்டுவதே பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மனியின் நவம்பர் 9 இதற்குச் சிறந்த பயிற்சி. 1918இல் அன்று பெர்லினில் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923இல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது. 1938இல் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. இந்த மூன்றாவது நிகழ்வு அதே தேதியில் நேர்ந்ததற்குக் காரணம் உண்டு: 1923 முயற்சியின் நினைவுநாளுக்காக நாஜித் தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்தபோதுதான், பாரிசில் சுடப்பட்ட ஜெர்மானியத் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தது, பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அந்தக் கூட்டத்திலேயே வன்முறையைத் தூண்டினார். 1989இல் பெர்லின் சுவர் திறந்தது அதே தேதியில் அமைந்தது தற்செயலே. இந்த வேறுபாட்டை ஓரிரு வரிகளில் விளக்கினால் வாசகர் தொடர்பைப் புரிந்துகொள்வார்.

இறுதியாக, ஒவ்வொரு குறிப்பிலும் ஆண்டு, இடம், செய்தவர், செயல் ஆகிய நான்கும் இருக்கட்டும். '1989: பெர்லின் சுவர் இடிக்கப்பட்டது' என்பது தவறான சித்திரம் தருகிறது, முறையான இடிப்புப் பணி பின்னர்தான் நடந்தது. '1989, பெர்லின்: புதிய பயண விதி உடனடியாக நடைமுறைக்கு வருவதாகக் கிழக்கு ஜெர்மானிய ஆளுங்கட்சியின் செய்தித் தொடர்பாளர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர்களிடம் கூறியதைக் கேட்டு மக்கள் திரண்டதால், அன்றிரவே எல்லைக் காவலர்கள் வாயில்களைத் திறந்துவிட்டனர்' என்று எழுதினால், அந்தத் தேதிக்கு உரிய நிகழ்வு மட்டும் பதிவாகும்.