எலும்பா, கல்லா? ஒரு மாட்டு வைத்தியக்காரனின் கைக்கணக்கு

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரி மலையில் கடல் பிராணியின் பாசில், அதாவது கல்லாக மாறிய எச்சம், கிடைக்காது. நம் காலடியில் இருப்பது சார்னோகைட் பாறை. சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன்னால், பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டில் உருவானது. எலும்புள்ள பிராணி எதுவும் அப்போது பிறக்கவே இல்லை.

ஆனாலும் வருஷத்துக்கு நாலு பேராவது சாக்குப்பையோடு கோத்தகிரிக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். நான் 31 வருஷம் கால்நடை ஆய்வாளர். "மாமா, டைனோசர்!" என்று பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பையன் போன மாதம் கொண்டுவந்தது காட்டெருமையின் கழுத்தெலும்பு. எடுத்த இடத்தைக் கேட்டு, வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைக்க வைத்தேன். காட்டு மிருகத்தின் எலும்பை வீட்டில் வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே பார்த்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, பாசிலுக்கு வருவோம். என் மகளைக் கட்டிக்கொடுத்தது அரியலூரில். பேரனைப் பார்க்கப் போகிற சாக்கில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊரின் களிமண் ஓடைகள் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடி. மழை அரித்துப் போட்ட சரிவில் கண்ணை ஓட்டினாலே போதும், தோண்ட வேண்டாம். (சாத்தனூர் கல்மரம் இருக்கிற இடம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம், அங்கே ஒரு சில்லைக்கூடத் தொடாதீர்கள். சுரங்கம் என்றால் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள்.)

அங்கே ஏமாற்றும் சரக்குதான் அதிகம். துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கூர்மையாக இருப்பதைப் பல் என்று எல்லோரும் எடுப்பார்கள். அது பெலம்னைட், கணவாய்க்குத் தூரத்து உறவு. உடைந்த முகத்தில் நடுவிலிருந்து சக்கர ஆரம் போல கோடு ஓடினால் பெலம்னைட்டேதான். கருப்பாக, வழவழவென்று உருண்டிருப்பது பாஸ்பேட் உருண்டை. உருண்டையாகப் பெரிதாக இருந்தால் 'முட்டை'. 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் டைனோசர் முட்டை கிடைத்ததாக ஊரே திரண்டது. கடைசியில் அம்மோனைட்டை (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் பிராணி) சுற்றி இறுகிய மண் உருண்டைகள் என்று தெரிந்தது.

எலும்பைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே நம்பகமான இடம் உடைந்த முகம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓரம் கெட்டியாக, உள்ளே பொத்தல் பொத்தலாக ரஸ்க் மாதிரி இருந்தால் எலும்பு. அடுக்கடுக்காக ஊட்டி வர்க்கி மாதிரி இருந்தால் சிப்பி ஓடு, இல்லை சும்மா கல். அந்தப் பொத்தல்களில் சில சமயம் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் நிறைந்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும், சுற்றியுள்ள எலும்புச் சுவர் நுரைக்காது. நாக்கில் வைத்தால் ஒட்டும் என்பார்கள். களிமண்ணும் ஒட்டும், அந்தச் சோதனையை நான் செய்வதில்லை.

பழைய மாட்டெலும்பா என்று சந்தேகமா? ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓரமாகத் தொடுங்கள். கன்றுக்குட்டிக்குக் கொம்பு சுடும்போது வருமே, அந்த வாடை வந்தால் சமீபத்துச் சரக்கு. பாசிலில் வாடை வராது.

இனி எந்தப் பிராணி? விலா, கால் எலும்புத் துண்டுகளோடு மல்லுக்கட்டாதீர்கள், வீண். முதுகு முள்ளெலும்புதான் பேசும். இரண்டு முகமும் பணியாரக் குழி போல உள்ளே குழிந்து, வட்டமாக, விட்டத்தில் பாதிக்கும் குறைவான தடிமனோடு கேரம் ஸ்ட்ரைக்கர் சாயலில் இருந்தால் இக்தியோசார் என்று யோசிக்கலாம். டால்பின் உருவில் கடலில் வாழ்ந்த ஊர்வன அது. முள்ளெலும்பின் மேலே தண்டுவடத்தை மூடியிருக்கும் எலும்பு வளைவு தனியாகக் கழன்றுவிடும், அது ஒட்டியிருந்த தழும்பு மட்டும் மிஞ்சும். பழைய திருச்சி மாவட்டமான இந்தப் பகுதிப் பாறையில் கிடைத்த முள்ளெலும்புகளை வைத்துத்தான் 1879-இல் லைடெக்கர் என்ற ஆங்கிலேயப் பாசில் ஆய்வாளர் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார்.

சுறாவும் வட்டம்தான், இரண்டு பக்கமும் குழிதான். ஆனால் முகத்தில் மரத்தின் ஆண்டு வளையம் போல வட்டங்கள் தெரியும், பக்கவாட்டில் நீள் பள்ளங்கள் இருக்கும். எலும்பு மீன் என்றால் பக்கவாட்டில் குச்சி குச்சியாகக் கட்டியது போல இருக்கும். நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வனவான பிளீசியோசாரின் முள்ளெலும்பு முகம் ஏறக்குறைய தட்டை, அடியில் சிறு துளை இரண்டு. மோசசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனவுக்கு முன்பக்கம் குழி, பின்பக்கம் குமிழ். மாட்டின் கழுத்தெலும்பில் அது நேர் தலைகீழ், முன்பக்கம்தான் குமிழ். சந்தையில் ஆட்டுக் கழுத்துக்கறி வாங்கி, வேகவைத்து, எலும்பைக் கோத்து வைத்துக்கொண்டால் முன் பின் பழகிவிடும். கறியும் வீணாகாது.

இப்போது நான் செய்த முட்டாள்தனம். முதல் தடவை கிடைத்த மூன்று துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டேன். வீடு வந்து பார்த்தால் எது எந்த ஓடையில் எடுத்தது என்று தெரியவில்லை. விலாசம் இல்லாவிட்டால் பாதி அடையாளம் போச்சு. இக்தியோசார்கள் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்பே அழிந்துவிட்டன. அரியலூர்ப் பக்கம் இருக்கிற கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுப் பழசு. அங்கே எடுத்த வட்ட எலும்பை இக்தியோசார் என்று சொல்லவே முடியாது. ஆகவே எடுப்பதற்கு முன் அளவுக்கு ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம், ஜிபிஎஸ் எண், மண்ணின் நிறம், ஓடையின் எந்தப் பக்கம். அப்புறம் எண் எழுதிய பேப்பரோடு தனித்தனிப் பொட்டலம். முழு எலும்புக்கூடு தெரிந்தால் கையை எடுத்துவிட்டு, அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கு படத்தோடு சொல்லுங்கள்.

மலைக்குக் கொண்டுவந்த பிறகு வேறு தலைவலி, ஈரம். நண்பர் கொடுத்த, பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கலந்த அம்மோனைட் ஒன்று, ஐப்பசி மழையில் இரண்டே வருஷத்தில் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இப்போது மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீல மணி வெளிறியதும் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியில் சமைக்காதீர்கள். உடையும் எலும்பை இறுக்க அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசினைப் பூசுவார்கள். மூடுபனி நாளில் பூசினால் மேலே பால் படிந்தது போல வெளுத்துவிடும். ஆகவே அந்த வேலையை மாசி, பங்குனி வெயிலுக்கு ஒத்திவையுங்கள்.