என்.எஃப்.எல். சேலரி கேப் கணக்கில் சறுக்கும் இடங்கள்

மார்ச் பிறந்தால் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் ஆளுக்கொரு எக்செல் ஷீட்டைத் திறந்துவிடுகிறார்கள். என்.எஃப்.எல். என்ற அந்த லீக்கில் 2025-இல் ஓர் அணிக்கான சம்பள உச்சவரம்பு, அதாவது சேலரி கேப், 27.92 கோடி டாலர். அதற்குள் யாரை வாங்கலாம், யாரை விடலாம் என்று கணக்குப் போடும்போது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில்தான் விழுகிறார்கள். கூட்டல் பிழைகளை ஷீட்டே காட்டிக்கொடுத்துவிடும். அது காட்டாதவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையைப் பார்த்து மலைப்பது

உத்தரவாதத் தொகையை மட்டும் பாருங்கள். மற்றது அணி நினைத்தால் கொடுக்காமலே போகிற பணம்.

ரீஸ்ட்ரக்சர் செய்தால் பணம் மிச்சம் என்று நம்புவது

வருஷா வருஷம் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். ‘இரண்டு பேரை ரீஸ்ட்ரக்சர் பண்ணினால் மூன்று கோடி கிடைக்கும்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வருடத்துக்கான பத்தியைத் தொடாமலே ஷீட்டை மூடிவிடுகிறார்கள்.

ஓர் ஆட்டக்காரருக்கு ஒப்பந்தத்தில் நான்கு வருடம் பாக்கி, இந்த வருடச் சம்பளம் 2 கோடி டாலர் என்று வையுங்கள். அதில் 1.8 கோடியை போனஸாக மாற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதுதான் ரீஸ்ட்ரக்சர். சம்பளம் அந்தந்த வருடக் கணக்கில் முழுதாக ஏறும். போனஸோ மீதி வருடங்களுக்குச் சமமாகப் பிரியும், அதிகபட்சம் ஐந்து வருடம். ஆக வருடத்துக்கு 45 லட்சம். அவருக்காக இந்த வருட வரம்பில் ஏறும் தொகை, அதாவது கேப் ஹிட், 2 கோடியிலிருந்து 65 லட்சத்துக்கு இறங்குகிறது. இறங்கிய அந்த 1.35 கோடி, அடுத்த மூன்று வருடங்களில் 45 லட்சம் வீதம் அப்படியே திரும்பி ஏறுகிறது. ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

ஐந்தாவதாக ஒரு வாய்ட் இயர், அதாவது ஆட்டக்காரர் ஆடப்போகாத வெற்று வருடம், சேர்த்தால் பங்கு 36 லட்சமாகக் குறையும். இரண்டு சீசன் கழித்து அவரை விடுவித்தால் பாக்கி மூன்று பங்கும், 1.08 கோடி, ஒரே வருடத்தில் வந்து விழும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது கொடுத்த பழைய சைனிங் போனஸில் மீதி இருந்தால் அதுவும் கூடவே வரும். ஆள் இல்லை, செலவு மட்டும் இருக்கிறது. இதுதான் டெட் மணி.

‘ஜூன் 1 விதியில் விடுவித்தால் டெட் மணி இரண்டு வருடமாகப் பிரியுமே’ என்பார்கள். பிரியும். ‘ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்தது’ என்ற முத்திரையோடு ஓர் அணி இரண்டு பேரை மார்ச்சிலேயே அனுப்பவும் செய்யலாம். ஆனால் ஜூன் 2 வரை அவருடைய முழு கேப் ஹிட்டும் கணக்கில் நிற்கும். மிச்சமாகும் தொகையை மார்ச் பத்தியில் போட்டு நட்சத்திர ஆட்டக்காரரை வாங்குகிறீர்களே, பணம் வரும்போது சந்தையில் நல்ல ஆள் எவரும் இருக்கமாட்டார்.

டென்வர் பிரான்கோஸ் 2022 செப்டம்பரில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ரஸ்ஸல் வில்சனுக்கு ஐந்து வருடம், 24.26 கோடி டாலருக்கு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தது. அந்த நீட்டிப்பு நடைமுறைக்கு வரும் முன்பே, 2024 மார்ச்சில், அவரை விடுவித்தது. டெட் மணி 8.5 கோடி: 2024-இல் 5.3, 2025-இல் 3.2. 2024-இல் அவர் பிட்ஸ்பர்க் அணிக்கு 12.1 லட்சம் டாலருக்கு ஆடினார். உத்தரவாதம் செய்த 3.9 கோடியில் மீதியை டென்வரே கொடுத்தது. அப்படியும் டென்வர் அந்த சீசனில் பிளேஆஃபுக்குப் போனதென்றால், அவர் இடத்துக்கு வந்த குவார்ட்டர்பேக் போ நிக்ஸ் புதுமுக ஒப்பந்தத்தில், நான்கு வருடத்துக்கும் சேர்த்து 2 கோடிக்கும் குறைவாக இருந்தது பெரிய காரணம். அந்த வசதி எல்லா அணிக்கும் வாய்க்காது.

உச்சவரம்பு ஏறிக்கொண்டே போவதால் தள்ளிப்போட்ட கடன் சிறுத்துவிடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. பிலடெல்ஃபியா இளம் ஆட்டக்காரர்களிடம் இதைச் செய்தே ஜெயிக்கிறது. ஆனால் 2020-இல் 19.82 கோடியாக இருந்த வரம்பு, கொரோனாவால் 2021-இல் 18.25 கோடிக்கு இறங்கியதையும் நினைவில் வையுங்கள். 32 வயதுக்காரரின் சம்பளத்தைத் தள்ளிப்போடும் முன், ‘இந்த வருடம் விடுவித்தால் எவ்வளவு’ என்று வருடத்துக்கொரு பத்தி சேர்த்து நிரப்புங்கள். அதை நிரப்பாத ஷீட்டைப் படிப்பதே வீண்.

டிரேடு செய்தால், அதாவது வேறு அணிக்கு மாற்றிவிட்டால், கடனும் போய்விடும் என்பது

போகாது. கொடுத்து முடித்த போனஸின் பாக்கிப் பங்கு, கொடுத்த அணியின் தலையில்தான். குவார்ட்டர்பேக் மேட் ரயனை இண்டியானபொலிஸுக்கு அனுப்பிய அட்லாண்டா 2022-இல் 4.05 கோடி டெட் மணி சுமந்தது.

51 பேர் விதி

சீசன் தொடங்கும்வரை கேப் ஹிட்டில் முதல் 51 பேரின் கணக்குதான் முழுதாக ஏறும். செப்டம்பரில் 53 பேரும், காயப்பட்டியலும், பயிற்சிக்கென்று வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடும் சேரும். ஜூலையில் கடைசி டாலர் வரை செலவழித்துவிடாதீர்கள்.

ஊக்கத்தொகையை மறப்பது

போன சீசனில் 8 சாக் (பந்தை வீசும் முன் எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்தவருக்கு இந்த வருடம் 8 சாக்குக்கு ஊக்கத்தொகை வைத்தால், அது எட்டக்கூடியது என்று இப்போதே கணக்கில் ஏறும். 9 சாக்குக்கு வைத்தால் இப்போது ஏறாது. எடுத்துவிட்டால் அடுத்த வருட வரம்பில் கழியும்.