ஏடிஎம் சுவிட்சின் ஒரே போர்ட்டில் பல ஹோஸ்ட் முகவரிகளைப் பதிவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் வீட்டிலேயே பயிற்சிக்கூடம் வைத்துப் பழகும் நம் இளைஞர்களுக்குப் பழைய லைட்ஸ்ட்ரீம் 1010 போன்ற ஏடிஎம் சுவிட்ச் (பணம் தரும் இயந்திரம் அன்று, செல் எனப்படும் 53 பைட் தரவுத் துண்டுகளைக் கடத்தும் வலையமைப்புச் சாதனம்) கிடைத்தால், விரைவிலேயே எழும் கேள்வி இது.

பதிவதற்கு முன், போர்ட்டில் இணைந்த கணினிக்கு, அதாவது ஹோஸ்ட்டுக்கு, பல முகவரிகள் உண்மையில் தேவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் வலையமைப்பில் ஏடிஎம் முகவரியின் நீளம் 20 பைட். முதல் 13 பைட் சுவிட்ச் தரும் முன்னொட்டு. அடுத்த 6 பைட் ஹோஸ்ட்டுக்கே உரிய அடையாள எண்ணான இஎஸ்ஐ, பெரும்பாலும் வலையமைப்பு அட்டையில் பதிந்துவரும் மேக் முகவரி. கடைசி பைட், ஹோஸ்ட்டுக்குள் எந்தச் சேவை என்று பிரித்துக்காட்டும் செலக்டர். அழைப்புக்கு வழி தேடும் சுவிட்ச் முதல் 19 பைட்டை மட்டுமே பார்ப்பதால், ஒரே கணினியில் லேன் எமுலேஷன் கிளையண்ட் (ஏடிஎம்மை சாதாரண லேன் போலக் காட்டுவது), ஏஆர்பி சர்வர் (ஐபி முகவரிக்குரிய ஏடிஎம் முகவரியைச் சொல்வது) என்று இரண்டு மூன்று சேவைகள் ஓடும்போது செலக்டரை மாற்றிக்கொண்டாலே போதும். சுவிட்சில் எதையும் தொட வேண்டியதில்லை. பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இஎஸ்ஐகளே வெவ்வேறாக இருக்க வேண்டுமென்றால்தான் தனித்தனிப் பதிவு தேவை. இரு முனைகளிலும் ஐஎல்எம்ஐ (சுவிட்சும் ஹோஸ்ட்டும் முகவரி விவரங்களைத் தாமே பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) இயங்கினால் வேலையை அதனிடமே விட்டுவிடுங்கள். விபிஐ 0, விசிஐ 16 என்ற எண்களால் குறிக்கப்படும் தடத்தில் எஸ்என்எம்பி (வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை) செய்திகளாக ஓடும் இந்த நெறிமுறையில், சுவிட்ச் முதலில் தன் முன்னொட்டை ஹோஸ்ட்டுக்குத் தெரிவிக்கிறது. ஹோஸ்ட் அதனுடன் தன் இஎஸ்ஐயைச் சேர்த்து, முழு முகவரியைப் பதிந்துகொள்ளுமாறு திருப்பிக் கேட்கிறது. ஆகவே கூடுதல் இஎஸ்ஐகளை எழுத வேண்டிய இடம் ஹோஸ்ட்டே தவிர சுவிட்ச் அன்று. பதிவு மறுக்கப்பட்டால், ஹோஸ்ட் பழைய முன்னொட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஐஎல்எம்ஐ அறியாத சாதனமென்றால் கையால்தான் எழுத வேண்டும். அந்தப் போர்ட்டில் தானியங்கி அமைப்பை நிறுத்தி, இரு பக்கமும் யுஎன்ஐ எனும் ஹோஸ்ட்-சுவிட்ச் இணைப்பு விதிகளின் ஒரே பதிப்பைக் குறிப்பிட்டுவிட்டு, ‘ஏடிஎம் ரூட்’ கட்டளையில் 19 பைட் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள். முன்னொட்டு 47.0091.8100 என்று தொடங்குகிறது, இஎஸ்ஐ 0020.4810.0001 என்று வைத்துக்கொண்டால், பைட்டுக்கு இரண்டு பதினாறடிமான (ஹெக்ஸ்) இலக்கங்கள் வீதம் முன்னொட்டின் 26 இலக்கங்களும் இஎஸ்ஐயின் 12 இலக்கங்களும் சேர்ந்து 38 வர வேண்டும். இதை எண்ணிப் பார்க்காமல் என்டர் தட்டாதீர்கள். ஒவ்வோர் இஎஸ்ஐக்கும் ஒரு வரி. எல்லாம் 0020.48 என்றே தொடங்கினால் 32 இலக்கங்களோடு நிறுத்தி ஒரே வரியில் அடக்கலாம். ஆனால் அதே நிறுவனத்தின் அட்டையுள்ள வேறு கணினி தன் பதிவை இழக்கும்போது அதற்கான அழைப்பும் இந்தப் போர்ட்டுக்கே வந்துசேரும் என்பதால், சிறிய கூடத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாதனத்திலும் அதே முழு முகவரியைக் கையால் எழுத மறக்காதீர்கள்.

‘ஷோ ஏடிஎம் ஐஎல்எம்ஐ-ஸ்டேட்டஸ்’, ‘ஷோ ஏடிஎம் ரூட்’ ஆகிய கட்டளைகளால் சரிபார்க்கலாம். மின்வெட்டு பழகிப்போன இந்த நாட்டில் இன்னொரு சோதனையும் அவசியம்: மின்சாரம் திரும்பியதும் ஐஎல்எம்ஐ பதிவுகள் தாமாகவே மீண்டும் ஏறிவிடும், கையால் எழுதியவையோ அமைப்பைச் சேமித்திருந்தால் மட்டுமே இருக்கும். ஆகையால் சேமித்தபின் சுவிட்சை ஒருமுறை நிறுத்தி இயக்கி, பட்டியலை மறுபடி பாருங்கள்.