பழைய மினிக்கு 998ஆ, 1275ஆ? இன்ஜின் தேர்ந்தெடுக்க ஒரு தொடக்க வழிகாட்டி

பழைய மினி கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வருகிற கேள்வி இது: 998 சிசி இன்ஜினையே வைத்துக்கொள்வதா, 1275 சிசிக்கு மாறுவதா? பிரிட்டனில் மினி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால், பலர் யோசிக்காமல் "1275 போடு" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இப்போது இருக்கும் இன்ஜின் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது, எந்தச் சாலையில் ஓட்டப் போகிறீர்கள், பிரேக் எப்படி இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் சிசி பற்றிப் பேச வேண்டும். இன்ஜினை ஆசையில் வாங்கிவிட்டு, மற்றதை அப்புறம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வரிசையை மாற்றத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னணி

மினியில் இருப்பது ஏ-சீரிஸ் இன்ஜின். 1951இல் ஆஸ்டின் ஏ30 காருக்காக 803 சிசி அளவில் வந்தது. இலங்கையில் இன்றும் ஓடுகிற மொரிஸ் மைனர் 1000 கார்களில் இருப்பதும் இதே குடும்பம்தான். 1959இல் வெளிவந்த மினியை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தபோது இந்த இன்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே ஆயில். அந்த முதல் மினிக்கு 848 சிசி, 34 குதிரைத்திறன். 1964இல் மினியின் வேகமான வகையான கூப்பர் எஸ் காரில் 1275 வந்தது. சாதாரண மினிகளில் 998 பரவலானது 1967க்குப் பிறகு. 1992 முதல் 2000இல் உற்பத்தி நிற்கும் வரை எல்லா மினிகளுக்கும் 1275தான்.

998இன் போர் (சிலிண்டர் விட்டம்) 64.58 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76.2. 1275க்குப் போர் 70.6, ஸ்ட்ரோக் 81.3. சிலிண்டர் அகலமாகவும் இருக்கிறது, பிஸ்டன் ஓடும் தூரமும் அதிகம். அதனால்தான் 1275 கீழ் வேகத்திலேயே நன்றாக இழுக்கிறது. மினி 1000 சுமார் 38 குதிரைத்திறன் தந்தது. 1275 ஜிடி 60 அளவில். கூப்பர் எஸ் 76. காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் இது புத்தம் புது இன்ஜின்களின் கணக்கு. உங்கள் காரில் இருப்பது பல பத்தாண்டுகள் ஓடிய இன்ஜின்.

படி 1: உள்ளே இருப்பது எது என்று உறுதி செய்யுங்கள்

பதிவுப் புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். மினிகளில் இன்ஜின் கைமாறுவது சர்வ சாதாரணம். இன்ஜின் எண் 99எச் என்று தொடங்கினால் 998, 10எச் என்றால் 1098, 12எச் என்றால் 1275. இந்த எண் தகடு கழற்றி மாட்டக்கூடியது என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். மேனிஃபோல்டுக்கு (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதி) கீழே, பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) பின்பக்கத்தை ஒரு டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். கழற்றக்கூடிய இரண்டு தகரமூடிகள் இருந்தால் அது பெரும்பாலும் சிறிய போர் பிளாக், அதாவது 848, 998 அல்லது 1098. மூடி இல்லாமல் வழவழவென்று வார்ப்பாக இருந்தால் 1275. பழைய கூப்பர் எஸ் பிளாக்குகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவற்றில் மூடி உண்டு, விலையும் மிக அதிகம்.

படி 2: இருக்கும் இன்ஜினைச் சோதியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். வண்டி மேடு ஏறவில்லை, இன்ஜின் சின்னது என்று நினைப்பவர்கள் பலரின் காரில் உண்மையில் இருப்பது சீக்கு பிடித்த 998. நல்ல 998 உற்சாகமாகவே ஓடும்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். காயிலின் இணைப்பைத் துண்டியுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே குறைவாக இருந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போயிருக்கலாம். அது மலிவான வேலை, வீட்டிலேயே செய்யலாம். அதைச் செய்த பிறகு காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, 1275 தேவையா என்று மறுபடி யோசியுங்கள்.

ஆயில் பிரஷரும் பாருங்கள். சூடான இன்ஜினில் ஓட்டும்போது 60 பிஎஸ்ஐ அளவிலும், நிற்கும்போது 15 அளவிலும் இருந்தால் நிம்மதி. ஆயில் மாற்றும்போது அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கவனியுங்கள். அதில் காந்தம் உண்டு. மை போன்ற நுண்துகள் ஒட்டியிருந்தால் சாதாரணம். கையில் எடுக்கும் அளவுக்கு உலோகச் சில்லுகள் இருந்தால் கியர்பாக்ஸில் ஏதோ உடைகிறது. ஒரே ஆயில் என்பதால் அந்தச் சில்லுகள் இன்ஜினுக்குள்ளும் போகும்.

படி 3: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

ஊருக்குள், கிராமச் சாலைகளில், வார இறுதியில் ஓட்டுவதற்கு 998 போதும் என்பது என் உறுதியான கருத்து. அதன் சுகமே வேறு. கியரை முழுதாகப் பயன்படுத்தி, இன்ஜினை விரட்டி ஓட்டினாலும் சட்டப்படியான வேகத்துக்குள்ளேயே இருப்பீர்கள்.

மோட்டார்வே என்றால் கதை மாறுகிறது. 998 மினிகளில் பரவலாக இருக்கும் 3.44 ஃபைனல் டிரைவில் (சக்கரங்களுக்குப் போகும் கடைசி கியர் விகிதம்), 10 அங்குல சக்கரங்களுடன், 70 மைல் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 4,300 சுற்றில் ஓடும். ஒரு மணி நேரம் அந்த இரைச்சலில் உட்கார்ந்தால் அலுப்புத் தட்டிவிடும். 1275க்கு இழுவை அதிகம் என்பதால் 3.1 ஃபைனல் டிரைவையும் தாங்கும். அப்போது அதே வேகத்துக்குச் சுமார் 3,900 சுற்று. நான்கு பேரோடு வேல்ஸ் மலைச்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கும் 1275தான் சரி.

படி 4: முதலில் பிரேக்

1984க்கு முந்தைய சாதாரண மினிகளில் முன்சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். அதை வைத்துக்கொண்டு 1275 போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

10 அங்குல சக்கரங்களை வைத்துக்கொள்ள விரும்பினால், கூப்பர் எஸ் வகை 7.5 அங்குல டிஸ்க் பொருந்தும். 1984க்குப் பிறகு வந்த 8.4 அங்குல டிஸ்க் எளிதில் கிடைக்கும், ஆனால் அதற்கு 12 அங்குல சக்கரம் வேண்டும். இந்தச் செலவையும் 1275இன் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பிரேக்குக்கு மட்டும்தான் இப்போது பணம் இருக்கிறதா? பிரேக்கை மாற்றிவிட்டு 998ஐ ஓட்டுங்கள். நல்ல டிஸ்க் பிரேக் உள்ள 998, வேகமாக ஓட்டுவதற்கு அருமையான கார்.

படி 5: 998ஐயே கொஞ்சம் தேற்றலாம்

இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால், காற்றுத் தடையைக் குறைப்பது முதல் வேலை. தாராளமான ஏர் ஃபில்டர், நல்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அதற்கேற்ற சைலன்சர், கார்புரேட்டருக்குப் பொருத்தமான ஊசி. இதை மினிக்காரர்கள் ஸ்டேஜ் 1 என்பார்கள். ஊசியை மாற்றாமல் மற்றதை மட்டும் மாட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும்.

அடுத்தது ஹெட். பழைய 998 கூப்பரில் வந்த 12ஜி295 ஹெட் சிறிய போர் பிளாக்கில் நேராக உட்காரும். 1275இன் 12ஜி940 ஹெட்டை யாராவது மலிவாகக் கொடுத்தால் உஷார்: அதன் எக்ஸாஸ்ட் வால்வு பெரியது, 998 பிளாக்கில் இடிக்கும். பிளாக்கில் பள்ளம் எடுக்க வேண்டும். தொடக்கக்காரருக்கு அது வேண்டாம்.

எந்த ஹெட் ஆனாலும் எக்ஸாஸ்ட் வால்வு சீட் கடினப்படுத்தியதா என்று கேளுங்கள். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து 1999 முடிவோடு போய்விட்டது. பழைய சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான் என்பதால், பழைய சீட் என்றால் பெட்ரோலில் சேர்மானம் ஊற்ற வேண்டியிருக்கும்.

படி 6: 1275தான் என்று முடிவானால்

இன்ஜின் மவுண்ட் ஒன்றே என்பதால் காரை வெட்ட வேண்டியதில்லை. 1980களின் ஆஸ்டின் மெட்ரோவில் வந்த 1275உம் இதற்குப் பயன்படும். சில சில்லறைப் பாகங்களை மாற்ற வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது) எவ்வளவு ஆகியிருக்கிறது என்பது. அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு அகலப்படுத்தினால் 1293 சிசி, 60 பங்கு என்றால் 1330 சிசி. "இது 1330" என்று பெருமையாகச் சொன்னால், அந்த பிளாக்கில் அடுத்த ரீபோருக்கு அதிக இடமில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

கியர்பாக்ஸோடு சேர்த்து வாங்குவது நல்லது. உங்கள் பழைய 998 கியர்பாக்ஸையே மாட்ட நினைத்தால், கிராங்கின் முனை அளவு வேறு என்பதால் பிரைமரி கியரை (கிராங்கின் முனையில் உட்காரும் முதல் கியர்) 1275க்கு உரியதாக வாங்க வேண்டும். கியர் லீவர் இணைப்பும் கவனம்: 1973இல் ராடு வகை இணைப்பு வந்தது, அதற்கு முந்தைய காரில் அந்த கியர்பாக்ஸ் அப்படியே பொருந்தாது. 1996க்குப் பிறகு வந்த எம்பிஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இன்ஜினில் டிஸ்டிரிபியூட்டரே இல்லை. கார்புரேட்டர் காருக்கு இன்ஜின் தேடும் புதியவர் அதைத் தவிர்த்துவிடலாம்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் புது இன்ஜினை உள்ளே இறக்காதீர்கள். ஆயில் 20டபிள்யூ-50 ஊற்றி, 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கியர்களும் அதே ஆயிலை அரைப்பதால் அது சீக்கிரம் நீர்த்துவிடும்.

படி 7: காகித வேலை

பிரிட்டனில் இன்ஜின் எண்ணோ சிசியோ மாறினால் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். சாலை வரியில் பயப்பட ஒன்றுமில்லை: 2001க்கு முந்தைய கார்களுக்கு 1549 சிசி வரை ஒரே கட்டணம், 40 ஆண்டு கடந்த கார்களுக்கு விலக்கும் கேட்கலாம். 40 ஆண்டு கடந்ததால் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்ற காருக்கும் இந்த மாற்றம் தடையில்லை. அதே அடிப்படை இன்ஜினின் வேறு சிசி அளவைப் பெரிய மாற்றமாக அரசு வழிகாட்டுதல் எடுத்துக்கொள்வதில்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் மட்டும் இன்ஜினோடு பிரேக் மாற்றத்தையும் சேர்த்து, வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும் புதுத் தொகையும் உங்கள் கணக்கில் வர வேண்டிய செலவுதான்.