எக்சேன் இல்லாமல் கடலை எண்ணெய்: கெட்டுப்போன முதல் 50 கிராமும் அப்புறமும்

எங்கள் ஈரோட்டுப் பக்கம் என்னதான் செக்கில் ஆட்டினாலும் புண்ணாக்கில் ஏழெட்டு சதவீதம் எண்ணெய் தங்கிவிடும். அதையும் வழித்தெடுக்கத்தான் ஆலைகளில் எக்சேன் ஊற்றுகிறார்கள். அது பெட்ரோலியச் சரக்கு. வருடக்கணக்கில் மூச்சில் ஏறினால் நரம்பைக் கெடுக்கும். கரும்பிலிருந்து வரும் ஆல்கஹாலைக் கொண்டே தயாரிக்கக்கூடிய எத்தில் அசிடேட்டை வைத்து, அக்கா மகளின் ப்ராஜெக்டுக்காக அவள் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். வீட்டு அடுப்படியில் தொடவே வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

உரித்த கடலையை 60 டிகிரியில் நான்கு மணி நேரம் உலர்த்துங்கள். அடுத்தது அரைப்பது. நான் மண்ணைக் கவ்வியது இங்கேதான். நைசாக இருந்தால் நல்லதுதானே என்று மிக்சியை ஓடவிட்டேன். சூட்டில் எண்ணெய் கக்கி, ஜார் அடியில் களி மாதிரி அப்பிக்கொண்டது. கரைப்பான் அந்த உருண்டைக்குள் இறங்கவே இல்லை, வடிதாளும் அடைத்துக்கொண்டது. 50 கிராமுக்கு 14 கிராம்தான் தேறியது. மறுமுறை கடலையை ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, இரண்டிரண்டு நொடியாக விட்டுவிட்டு ஓட்டி, ரவைப் பதத்தில் நிறுத்தினோம். 22 கிராம்!

அந்த ரவை 50 கிராமுக்கு 250 மில்லி எத்தில் அசிடேட். மூடிய குடுவையில், காந்தக் கலக்கியில் ஒரு மணி நேரம் சுற்றட்டும். வடித்துவிட்டு, சக்கையில் இன்னொரு 100 மில்லி ஊற்றி மறுபடியும். கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பத் தூள்மேல் சொட்டவிடும் சாக்ஸ்லெட் கருவி, என்னைக் கேட்டால், புதிதாகச் செய்பவர்களுக்கு வேண்டாம். அரை நாளைத் தின்றுவிடும். எத்தனாலும், அதாவது அந்த ஆல்கஹாலே, பசுமையானதுதான், ஆனால் சர்க்கரையையும் சேர்த்து இழுத்து வந்துவிடும்.

காலிக் குடுவையை முதலில் எடை போட்டுக்கொண்டு, வடித்த கரைசலை அதில் ஊற்றி, மின்சார வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் காய்ச்சி வடியுங்கள். கரைப்பான் 77 டிகிரியில் கிளம்பிவிடும். பிடித்து வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். பிறகு, புகை இழுக்கும் கூண்டுக்குள், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம் போய் எடை குறைவது நிற்கும்வரை சூட்டிலேயே இருக்கட்டும். ஆய்வகக் கரைப்பான் என்பதால் இந்த எண்ணெயில் பலகாரம் சுடக்கூடாது; சக்கையைப் புண்ணாக்கு என்று மாட்டுக்கும் வைத்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: எத்தில் அசிடேட்டை யூஸ் அண்ட் த்ரோ டம்ளரில் ஊற்றினேன், டம்ளரே இளகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். பாலிஸ்டைரீன் இதில் கரையும்; கண்ணாடி மட்டும்தான். காங்கேயத்துக்காரர் ஒருவர் தேங்காய்க் கொப்பரையில் செய்யலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதில் எண்ணெய் 65 சதவீதம் வரை இருக்கும், 30 கிராம் எடுத்தால் போதும். மார்கழியில் செய்தால் குடுவையிலேயே உறைந்துவிடும். சூடு ஆறுவதற்குள் ஊற்றிவிடுங்கள்.