படபடப்பைப் பிடிப்பது எப்படி: ஈசிஜி, ஹோல்டர், ஈபி ஸ்டடி

கோத்தகிரியில் ஈசிஜி எடுப்பது என் வேலை. "ராத்திரி நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சுது சிஸ்டர்" என்று மறுநாள் காலையில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஈசிஜி சுத்தமாகவே இருக்கும். காகிதத்தில் பதிவது சுமார் 10 விநாடிதான். அப்போது துடிப்பு சரியாக இருந்தால் சரி என்றுதான் காட்டும்.

அதனால் படபடப்பு இருக்கும்போதே பக்கத்தில் எங்கே மெஷின் இருக்கிறதோ அங்கே ஓடுங்கள். கோயம்புத்தூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அடங்கிவிடலாம். அந்த ஒரு சீட்டு டாக்டருக்குத் தங்கம். எழுத்து மங்கிப்போகும் காகிதம் அது, உடனே போட்டோ எடுத்து வையுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் 108தான், வேறு யோசனை வேண்டாம்.

ஈசிஜியில் சிக்காத படபடப்புக்கு ஹோல்டர், உடம்பில் மாட்டிக்கொண்டே துடிப்பை விடாமல் பதிவு செய்யும் கருவி. நார்மன் ஹோல்டர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டும், 38 கிலோ! இப்போது சட்டைப்பையில் அடங்கும். 24 அல்லது 48 மணி நேரம் போட்டிருப்பீர்கள். குளித்துவிட்டு வாருங்கள், கழற்றும்வரை குளிக்க முடியாது. மார்பில் எண்ணெயோ குளிருக்குத் தடவும் தைலமோ இருந்தால் வயரை மாட்டும் பட்டை ஒட்டாது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். கொழுந்துப் பையின் வார் வயரை இழுக்கும், தோளை மாற்றிப் போடுங்கள். லீவு போட்டுக் கம்பளிக்குள் படுத்திருந்தால் ஒரு பயனும் இல்லை. வழக்கமான வேலையைச் செய்யுங்கள், மேடு ஏறுங்கள். படபடத்தால் கருவியில் உள்ள பட்டனை அழுத்தி, "11.20, ரேஷன் கடை ஏற்றம், தலை சுற்றியது" என்று எழுதுங்கள். நேரம் இல்லாத குறிப்பு யாருக்கும் உதவாது.

அப்புறம் ஈபி ஸ்டடி, இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் வழியை உள்ளே போய்ச் சோதிப்பது. கொண்டை ஊசி வளைவைச் சுற்றாமல் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை மாதிரி, சிலருக்கு இதயத்தில் மின்சாரம் ஓடப் பிறவியிலேயே ஒரு கூடுதல் வழி இருக்கும். கவட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயர்களை இதயத்துக்குள் அனுப்பி அதைத் தேடுவார்கள். லேசாக மின்தூண்டல் கொடுத்துப் படபடப்பை வரவழைத்தும் பார்ப்பார்கள். பயமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காகத்தானே போகிறீர்கள். "வீட்டில் வருவது இதேதானா?" என்று கேட்டால், இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். வழி கிடைத்தால் பல சமயம் அப்போதே சுட்டு அடைத்துவிடுவார்கள், அதுதான் அபிலேஷன்.

ஈபி ஸ்டடிக்குச் சாப்பிடாமல் போக வேண்டும். துடிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். அன்றே பஸ் ஏறி மலை ஏறாமல் ஒரு ராத்திரி கீழே தங்குவது நல்லது. சில நாளைக்கு விறகு, தண்ணீர்க்குடம், கொழுந்து மூட்டை எதையும் தூக்காதீர்கள். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் வந்தால் படுத்துக்கொண்டு விரலால் அழுத்திப் பிடியுங்கள். 10 நிமிடத்தில் நிற்காவிட்டால், அல்லது வீங்கினால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.